நாய்க்கு இடமுள்ள கூடாரமும் இடமில்லாத முகாமும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் பள்ளி விடுமுறைகள் மழையைத் தவிர்த்து வருவதில்லை. ஓணத் தேர்வு முடிந்து கிடைக்கும் விடுமுறையின்போது தென்மேற்குப் பருவமழை இன்னும் முழுதாக விடைபெற்றிருக்காது. எல்லைக்கு அப்பால் களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகள் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் வேளையில் ஐப்பசி மழை தொடங்கும் நிலையில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் பிற்பகலானால் இடிமழை. ஆகவே இங்குள்ள ஒரு குடும்பம் சிறு குழந்தையையும் வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு வெளியிடத்தில் இரண்டு இரவு தங்கத் திட்டமிட்டால், அது மழையில் தங்கும் திட்டமாகவே பெரும்பாலும் முடியும்.

இவ்வூர்களில் ‘கேம்ப்’ என்ற சொல்லுக்குப் பொருள் இரண்டு. கிழக்கே நெய்யாறு அணையை அடுத்த மலையோரத்தில் அது வாடகைக் கூடாரம். விளம்பரத்தில் ‘செல்லப் பிராணிகளுக்கு அனுமதி உண்டு’ என்ற வரி இருந்தால் மதிப்புக் கூடும். மேற்கே பொழியூர்க் கடற்கரையில் அது கடல் வீட்டுக்குள் புகுந்த இரவில் குடும்பங்கள் பாய் சுருட்டிக்கொண்டு போய்ச் சேரும் பள்ளிக்கூடம். முதல் கேம்புக்கு நாய் விருந்தாளியாகப் போகிறது. இரண்டாவதன் வாசலில் அது நிறுத்தப்படுகிறது. நாயை அனுமதிக்கக் கூடாத இடத்தில் பணம் வாங்கிக்கொண்டு அனுமதிப்பதும், அனுமதிக்க வேண்டிய இடத்தில் விதி இல்லை என்று திருப்பி அனுப்புவதும் ஒரே வட்டாரத்தில், ஒரே மழையில் நடக்கின்றன. இந்த இரண்டையும் இடம் மாற்றி வைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் கூடாரமடித்துத் தங்குவது மேலை நாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உண்டு. முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் காட்டும் பாசறைகள் மழையும் வாடையும் வீசும் பருவத்தின் பாசறைகளே. அவற்றில் குடும்பம் இல்லை என்பது உண்மைதான். அரசன் பாசறையிலும் அரசி அரண்மனையிலுமாகப் பிரிந்திருப்பதே அப்பாடல்களின் துயரம். ஆனால் ஒரு செய்தியைக் கவனிக்கலாம். முல்லைப்பாட்டின் பாசறை காட்டுப் புதர்களை வெட்டியகற்றி, அங்கிருந்த வேட்டுவரின் அரண்களை அழித்து எழுப்பப்பட்டது. கூடாரத்துக்கு முன்னால் அந்த நிலம் வேறு யாருடையதாகவோ இருந்தது என்பதைப் புலவர் மறைக்கவில்லை. இன்றைய கூடார விளம்பரங்கள் அந்த அளவுக்கு நேர்மையானவை என்று சொல்ல முடியாது. குழந்தை, நாய், மழை மூன்றும் சேர்ந்த வாழ்வைக் காண வேண்டுமானால் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளிடம் போக வேண்டும். ஆட்டு மந்தையுடன் மாதக்கணக்கில் ஊர் ஊராகக் கிடை போடும் அக்குடும்பங்களில், கைக்குழந்தையும் காவல் நாயும் ஒரே மழையில் நனைந்தே வளர்ந்தன. சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவல் அவ்வாழ்வைப் பேசுகிறது. அது பிழைப்பு, உல்லாசம் இல்லை. அங்கே நாய்க்கு வேலை இருந்தது, அதனால் இடமும் இருந்தது.

நெய்யாற்றுக் காட்டோரத்தில் நாய்க்கு வேலை எதுவும் இல்லை. நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் 1958-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 128 சதுர கிலோமீட்டர். அதன் கிழக்கு விளிம்பில் 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம் நிற்கிறது. யானை, சிறுத்தை, கரடி, செந்நாய் வாழும் காடு. அணை நீரில் முதலைகள் உண்டு. சரணாலயத்துக்குள் வளர்ப்பு நாயை அழைத்துச் செல்ல வனத்துறை அனுமதிப்பதில்லை. அகத்தியர்கூட மலையேற்றத்தில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் சேர்ப்பதில்லை. சிக்கல் எல்லைக் கோட்டுக்கு வெளியே தொடங்குகிறது. சரணாலயத்தை ஒட்டிய தனியார் நிலத்தில் கூடாரம் போட்டால் அந்த விதி பொருந்தாது என்ற எண்ணத்தில், நாயும் குழந்தையுமாகக் குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. சிறுத்தைக்கு நில ஆவணம் வாசிக்கத் தெரியாது.

சிறுத்தைக்கு நாய் எத்தகைய உணவு என்பதற்கு மகாராட்டிரத்தின் அகமதுநகர் மாவட்டத்தில் வித்யா ஆத்ரேயா குழுவினர் செய்த ஆய்வு சான்று. மனிதர் நெருங்கி வாழும் வேளாண் பகுதியில் சிறுத்தைகள் தின்ற இரையின் எடையில் 39 விழுக்காடு வளர்ப்பு நாய்களும் தெரு நாய்களும்தான் என்று 2014-இல் வெளியான அக்கட்டுரை கூறுகிறது. கூடாரத்தின் துணிச் சுவருக்குள் படுத்திருக்கும் நாய் காவலாகும் என்று நம்புவது வீண். அது சிறுத்தையைக் கூடாரத்துக்கு அழைக்கக்கூடிய வாசனை. அதே துணிச் சுவருக்குள்தான் குழந்தையும் உறங்குகிறது. 2021 சனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவரை யானை கொன்றது. அவரிடம் நாய் இருந்ததா என்பது இங்கே கேள்வி இல்லை. காட்டோரக் கூடாரம் என்பது காட்டின் நடைபாதையில் போட்ட படுக்கையாக இருக்கலாம் என்பதற்கு அந்த மரணம் போதிய சான்று.

ஆபத்து ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. 1994-இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் கெனைன் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அழித்தது. சுற்றியிருந்த ஊர்களின் நாய்களிடமிருந்து அது வந்ததாக ஆய்வாளர்கள் கருதினர். 2018-இல் குசராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. அகத்தியமலையில் சிங்கம் இல்லை. ஆனால் அந்நோய்க்கு எளிதில் ஆளாகும் செந்நாய் உண்டு. தடுப்பூசி போடாத ஒரு வீட்டு நாய், ஒரு வாரயிறுதியில், ஓடையோரத்தில் விட்டுச் செல்லும் எச்சம் அக்காட்டுக்குப் பெரிய செலவாகலாம். ‘என் நாய் யாரையும் கடிக்காது’ என்று உரிமையாளர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். இந்தக் கணக்கில் கடிக்கு இடமே இல்லை.

மழையைப் பற்றி மலையோரத்துக்கு நினைவு உண்டு. 2001 நவம்பர் 9 இரவு, அப்போது நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருந்த அம்பூரியில் மலைச்சரிவு உடைந்து வீடுகள் மீது இறங்கியது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். திருமண நிச்சயத்துக்காக உறவினர் கூடியிருந்த வீடும் அதில் போயிற்று. கூடாரத்துக்கு இடம் தேடுவோர் விரும்பும் சரிவும் காட்சியும் நீரோடையும் ஒருங்கே அமைந்த நிலம் அது. 2021 நவம்பர் நடுவில் பெய்த மழையில் நெய்யாற்றின்கரை மருதூரில் தேசிய நெடுஞ்சாலைப் பாலம் சேதமடைந்தது. பாறசாலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே இருப்புப்பாதையில் மண் சரிந்து இரயில்கள் நின்றன. சாலையும் இரயிலும் நின்றுவிட்ட நாளில், அணையின் மதகுகள் உயர்த்தப்படும் செய்தியைக் கூடாரத்தில் இருப்பவர் கைப்பேசியின் கடைசிப் புள்ளி மின்னூட்டத்தில் படிக்க வேண்டியிருக்கும். இவ்வட்டாரத்துக்கே உரிய வேடிக்கை ஒன்றும் உண்டு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்குமாகப் பிரிந்தன, மழை பிரியவில்லை. எச்சரிக்கை மட்டும் ஒரு பக்கம் திருவனந்தபுரத்திலிருந்தும் மறு பக்கம் சென்னையிலிருந்தும் வருகிறது. ஒரே மேகத்தின் கீழே ஒரு பள்ளிக்கு விடுமுறையும் அடுத்த பள்ளிக்கு வகுப்புமாக அமையும் நாள்கள் உண்டு.

அப்படியானால் குழந்தையும் நாயும் மழையில் கூடாரமே காணாமல் வளர வேண்டுமா? வேண்டியதில்லை. இவ்வூர்களில் வீட்டைச் சுற்றித் தென்னையும் வாழையும் மரச்சீனியும் நிற்கும் நிலத்துக்கு விளை என்று பெயர். ஊர்ப் பெயர்களிலேயே பாதி விளையில் முடியும். பாட்டி வீட்டு விளையில், திண்ணையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கட்டிய ஒரு தார்ப்பாய்க் கூடாரம், நான்கு வயதுக் குழந்தைக்கு அகத்தியமலையைவிடச் சிறிய உலகமன்று. அங்கும் கவனிக்க வேண்டியவை உண்டு. தென்னையின் கீழும் முதிர்ந்த இரப்பர் மரத்தின் கீழும் கூடாரம் கூடாது; தேங்காயும் கிளையும் மழையிரவில் சொல்லிவிட்டு விழுவதில்லை. வீடு கட்ட வெட்டிய செம்மண் திட்டின் அடியிலும் கூடாது. தரையில் படுப்பவரை இரவில் கட்டுவிரியன் தீண்டுவது அறிந்த செய்தி என்பதால், கட்டிலும் இழுத்து மூடிய கூடார வாயிலும் வேண்டும். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இடிமின்னல் எச்சரிக்கைகளில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரையான பொழுதைத் தனியே குறிப்பிடுகிறது. மின்னலுக்குக் கூடாரம் பாதுகாப்பே இல்லை. முதல் இடி கேட்டதும் குழந்தையும் நாயும் வீட்டுக்குள் போயாக வேண்டும். விளையின் பெருமை அதுதான்: பத்து அடியில் வீடு இருக்கிறது.

நீரைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. 2024 சூலையிலும் ஆகத்திலும் நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூர் ஊராட்சியில் குளமொன்றில் குளித்த இளைஞர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் கண்டது. ஒருவர் இறந்தார், மற்றவர்கள் சிகிச்சையில் தேறினர். மழை பெய்து நிறைந்ததென்று குளத்தில் குழந்தையை இறக்குவோர் இதை மறக்கலாகாது. அமீபா மூக்கு வழியாகவே மூளைக்குச் செல்கிறது. எலிக்காய்ச்சல் இன்னும் பரவலானது. அதன் கிருமி எலியின் சிறுநீரில் மட்டுமின்றி நாயின் சிறுநீரிலும் வெளிவரும். தேங்கிய நீரிலும் சேற்றிலும் இருந்து காலின் சிறு கீறல் வழியே உடலில் நுழையும். நாய்க்கு இதற்கான தடுப்பூசி உண்டு, ஆண்டுதோறும் போட வேண்டும். குழந்தைக்குச் செருப்பும், கீறலுக்குக் கட்டும், காய்ச்சல் வந்தால் ‘மழையில் நனைந்ததுதான்’ என்று சொல்லிக் காத்திராத பெற்றோரும் வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் அந்த இரவு தேவைதானா என்றால், தேவை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி எண்ணினால் இடி ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது என்று குழந்தை அறிந்துகொள்வது அங்கேதான். தன்னைவிடப் பலமான பற்களை உடைய நாய், இடிக்கு அஞ்சிக் கட்டிலடியில் நடுங்குவதைக் குழந்தை காண்கிறது. அஞ்சுகிற ஒன்றை எப்படித் தேற்றுவது என்று பழகுகிறது. ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் விடுமுறை, விடுமுறை என்றால் தொலைக்காட்சி என்று மட்டும் மழையைக் கண்ட குழந்தைக்கு, மழை ஒரு நாள் கதவைத் தட்டும்போது கையில் எதுவும் இருக்காது. விளையில் கழியும் ஓர் இரவு அந்த நாளுக்கு ஓர் ஒத்திகை. ஒத்திகையில் நாயும் உடனிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பொழியூருக்குப் போகலாம்.

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்மேற்கு மூலையில், குளத்தூர் ஊராட்சிக்குட்பட்ட மீனவ ஊர் பொழியூர். அடுத்தது தமிழகத்தின் நீரோடி. 2017 நவம்பர் 30-இல் ஓகி புயல் இரு பக்கத்து மீனவர்களையும் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோயிற்று. 2024 மார்ச் 31-இல் காற்றும் மழையும் இல்லாமலே கடல் பொங்கி உட்புகுந்தது. மீனவர் அதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் பள்ளிக்கூடங்களில் தங்குவது இங்கே பழகிப்போன காட்சி. இந்தக் குடும்பங்களும் குழந்தையோடும், பல வீடுகளில் நாயோடும் வாழ்பவை. வகுப்பறையில் நான்கு குடும்பங்கள் படுக்கும் இடத்தில் நாயை எங்கே வைப்பது என்று கேட்டால் பதில் இல்லை. ஆகவே நாய் இடிந்த வீட்டின் பக்கத்தில் கட்டப்படுகிறது, அல்லது அவிழ்த்து விடப்படுகிறது. அவிழ்த்துவிட்ட நாய் ஆறு மாதத்தில் தெரு நாயாகிறது. பிறகு அதே ஊர் தெரு நாய்த் தொல்லைக்கு எதிராக மனுக் கொடுக்கிறது.

விதி இல்லாமையின் விலையை உயிர்களிலும் அளக்க நேரும். 2018 வெள்ளத்தில் திருச்சூரில் ஒரு பெண், தம் 25 நாய்களையும் ஏற்றினாலன்றிப் படகில் ஏற மாட்டேன் என்று மூழ்கும் வீட்டில் இருந்தார். விலங்கு நல அமைப்பினர் வந்த பிறகே மீட்பு நடந்தது. நிவாரண முகாமில் விலங்குகளுக்கு அனுமதி இல்லாததால் தனி இடம் தேட வேண்டியதாயிற்று என்று செய்திகள் கூறின. அவரைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 2005-இல் கத்ரினா புயலில் நியூ ஆர்லியன்சில் நடந்ததும் அதுவே: வளர்ப்பு விலங்கை விட்டு வர மறுத்தே பலர் வெளியேறாமல் தங்கினர். மீட்புப் பேருந்தில் ஏறவிருந்த சிறுவனிடமிருந்து காவலர் அவனுடைய சிறு வெள்ளை நாயைப் பிரித்தெடுத்ததும், அவன் வாந்தியெடுக்கும்வரை அழுததும் செய்தியாயின. அடுத்த ஆண்டே, 2006-இல், பேரிடர் நிதி பெறும் மாநிலங்களின் வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்பு விலங்குகளும் இடம்பெற வேண்டும் என அமெரிக்கா சட்டம் இயற்றியது. புகுசிமா விபத்துக்குப் பின் சப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம், மனிதரும் வளர்ப்பு விலங்கும் சேர்ந்தே வெளியேறுவதற்கு 2013-இல் வழிகாட்டி வெளியிட்டது. பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்று இவற்றைத் தள்ளுவது எளிது. நாயை விட்டுவர மறுத்து இறக்கும் மனிதனைக் காப்பதே இச்சட்டங்களின் முதல் நோக்கம்.

கேரளத்தில் இதைப் பேச இன்னொரு காரணம் தமிழருக்கு நெருக்கமானது. 2020 ஆகத்து 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு மண்ணுக்குள் புதைந்தது. இறந்த 70 பேரும் தமிழ்க் குடும்பங்கள். பலருக்குக் கயத்தாறு வட்டாரம் பூர்வீகம். எட்டாம் நாள், ஆற்றின் மேல் ஒரு பாலத்தில் நின்று நீரையே பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது ஒரு நாய். தேடியபோது, அது வளர்ந்த வீட்டின் இரண்டு வயதுக் குழந்தையின் உடல் அங்கே மரக்கிளையில் சிக்கியிருந்தது. கூவி என்பது அந்நாயின் பெயர். பிறகு அது உண்ண மறுத்துச் சுற்றியது. பயிற்றுநர் ஒருவரின் கண்ணில் பட்டதால் இடுக்கிக் காவல்துறை நாய்ப்படை அதை ஏற்றது. 2021-இல் உயிர் பிழைத்த பாட்டியிடமே திரும்பச் சேர்ந்தது. செய்தித்தாள்கள் அதை விசுவாசத்தின் கதையாக எழுதி முடித்தன. குடும்பத்தையே இழந்த ஒரு பாட்டிக்கு எஞ்சிய ஒரே வீட்டு உயிரை யாரிடம் கேட்டுப் பெறுவது என்பதற்கு அந்த முகாமில் ஒரு மேசையும் ஒரு படிவமும் இருந்ததா என்று எவரும் எழுதவில்லை. ஒரு தனி மனிதரின் இரக்கத்தால் நடந்ததை ஏற்பாடு என்று கொள்ள முடியாது.

மறுப்புகள் வலுவானவை. 2016 ஆகத்தில் இதே வட்டத்தின் புல்லுவிளைக் கடற்கரையில் தெரு நாய்க் கூட்டம் ஒரு மூதாட்டியைக் கொன்றது. 2025-இல் தடுப்பூசி போட்ட பின்னும் வெறிநோயால் குழந்தைகள் இறந்த செய்திகள் மாநிலத்தையே உலுக்கின. நெரிசலான பள்ளியில், உறங்கும் குழந்தைகளுக்கிடையில், அஞ்சிய நாயைக் கொண்டு வைக்கச் சொல்வது பொறுப்பற்ற பேச்சாகவே அந்தத் தாய்மாருக்குப் படும். அவர்களின் அச்சத்துக்கு முன்னால் விலங்குநேயச் சொற்பொழிவு செல்லாது. ஆனால் அந்த அச்சம் கேட்பது தடுப்பூசி போட்ட நாயையும் போடாத நாயையும் பிரித்தறியும் ஏற்பாட்டை. அதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. கேரள ஊராட்சிகளில் நாய் வளர்க்க உரிமம் வேண்டும் என்ற விதி 1998 முதல் உண்டு. உரிமத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். வாங்குவோர் குறைவு, ஏனெனில் வாங்கினால் ஒரு பயனும் இல்லை. உரிமம் உள்ள நாய்க்கு நிவாரண முகாமில் இடம் உண்டு என்று அறிவித்துப் பார்த்தால், கால்நடை மருத்துவமனை வாசலில் வரிசை நிற்கும்.

இடம் என்றால் வகுப்பறை இல்லை. பெரும்பாலான பள்ளிகளில் மிதிவண்டிக் கொட்டகையோ சமையற்கூடத்தின் பின்தாழ்வாரமோ இருக்கும். தார்ப்பாயால் மறைத்த ஒரு பக்கம், இரண்டு முழ இடைவெளியில் கட்டக் கொக்கிகள், வாயுறை, ஒரு வாளி, சுத்தம் செய்யும் பொறுப்பு உரிமையாளருக்கு. குழந்தைகள் பெரியவர் துணையின்றி அங்கே போகக் கூடாது. மே மாதத்தில் பருவமழைக்கு முன்னேற்பாடாக முகாம் பள்ளிகளின் பட்டியல் தயாராகும்போது, குளத்தூரிலும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரை நகராட்சியிலும் அப்பட்டியலில் ஒரு பத்தி கூடினால் போதும்: இப்பள்ளியில் எத்தனை நாய் கட்ட இடம் உண்டு. எல்லைக்கு அப்பால் கொல்லங்கோட்டிலும் நீரோடியிலும் அதே பத்தியைச் சேர்க்க வேண்டியவர் கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர். காட்டோரக் கூடார உரிமங்களைப் புதுப்பிக்கும்போது ‘செல்லப் பிராணிகளுக்கு அனுமதி’ என்ற வரியை அடிக்க வேண்டியவர்கள் அதே மலையோர ஊராட்சிகள். இரண்டு கோப்புகளும் ஒரே வட்டார அலுவலகங்களில்தான் இருக்கின்றன, அடுத்த இடவப்பாதிக்கு முன் கையெழுத்திட முடியாத அளவுக்கு அவை தடித்தவையும் இல்லை.